எந்த வருஷம் வந்தீங்க?

கேரளத்து மூணாறில், அரசு சேவைகளுக்கான ஒரு அக்ஷயா சென்டரில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது என் வேலை. ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பது, விதவைப் பென்ஷன், வருமானச் சான்றிதழ், பிள்ளைகளின் ஸ்காலர்ஷிப் என்று நாள் முழுக்க ஓடும். சாதிச் சான்றிதழ் மட்டும் அவ்வளவு சுலபத்தில் முடியாது. எங்கள் தேயிலைத் தோட்டங்களில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தலித் குடும்பங்கள். திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரை ஜில்லாக்களிலிருந்து கங்காணிமார் கூட்டி வந்த சனம். பட்டியல் சாதிக்குரிய சலுகை இந்த மாநிலத்தில் கிடைக்க வேண்டுமானால், 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதிக்கு முன்பே குடும்பம் இங்கே இருந்தது என்று காகிதத்தில் காட்ட வேண்டும். பட்டியல் சாதிகளை அறிவித்த ஜனாதிபதி ஆணை வெளியான தேதி அது.

"எந்த வருஷம் வந்தீங்க?" என்று நான் கேட்டே ஆக வேண்டும். "நான் எங்க தாயி வந்தேன்? இங்கனயே பொறந்தவ. எங்கம்மையும் இந்த லயத்துலதான் பொறந்தா" என்பார்கள். அதற்குக் காகிதம்? லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், அது கம்பெனியுடையது. ரிட்டயர் ஆனால், பிள்ளைகளில் ஒருவர் அதே தோட்டத்தில் பேர் பதிந்தால்தான் வீடு தங்கும். பட்டா இல்லை, வீட்டு வரி ரசீது இல்லை. தோட்டத்து ஆள்பேர் பதிவான பழைய செக்ரோல் புத்தகத்தில் தாத்தா பேர் இருக்கலாம். அந்தப் புத்தகம் யார் கண்ணில் படும்? ஒருமுறை, ஒரு அலுவலகத்தில், எழுபது வயதுப் பாட்டியிடம் "உங்க ஊர் எது?" என்று கேட்டார்கள். அவர் தோட்டத்தில் தான் இருக்கும் டிவிஷன் பேரைச் சொன்னார். "அது இல்ல, சொந்த ஊர்" என்றார்கள். பாட்டி என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் அதே லயங்களில் வளர்ந்தவள்தான். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

இந்த நினைப்பிலேயே இருந்த சமயத்தில்தான் என் அக்கா மகன் ஒரு படம் அனுப்பினான். ஜப்பானில் காவாகோயே என்ற ஊரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறான். லீவு நாளில் பக்கத்து ஹிதகாவுக்குப் போயிருக்கிறான். கோமா என்ற ரயில் நிலையத்தின் வாசலில், முகம் செதுக்கிய இரண்டு உயரமான சிவப்புக் கம்பங்கள். பார்த்தால் ஊர் எல்லைச் சாமி மாதிரியே இருந்தது. "சித்தி, இது கொரியாக்காரங்க ஊர்க் காவல் கம்பமாம். இங்க 1300 வருஷத்துக்கு முன்னாடி கொரியாவுல இருந்து வந்த ஜனங்களோட கோயில் இருக்கு. பூசாரி குடும்பம் இன்னும் அவங்க வம்சம்தானாம்" என்று எழுதியிருந்தான்.

அதிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். எம்.ஏ. வரலாறு படித்ததற்கு இப்போதுதான் உபயோகம் வந்தது என்று வீட்டில் சொன்னார்கள். பழைய ஜப்பானில் வெளியிலிருந்து வந்த குலங்களைப் பற்றி வாசிக்க வாசிக்க, நான் தினமும் கம்ப்யூட்டரில் நிரப்புகிற கட்டங்கள்தான் கண்ணுக்குத் தெரிந்தன.

முதலில் கோமாக்காரர்கள். கொரியத் தீபகற்பத்தின் வடபகுதியில் கோகுர்யோ என்று பெரிய அரசு இருந்தது. ஜப்பானியர் அதைக் கோமா என்றார்கள். சீனத்துத் தாங் படையும் தெற்கே இருந்த சில்லா அரசும் சேர்ந்து 668இல் அதை முடித்துவிட்டன. அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 666இல், கோகுர்யோவிலிருந்து ஜப்பானுக்கு ஒரு தூதுக்குழு வந்தது. அதில் ஜக்கோ என்று ஒருவர் இருந்தார். வந்த இடத்தில் இருக்கும்போதே திரும்பிப் போக நாடில்லாமல் போய்விட்டது. 703இல் ஜப்பானிய அரசவை ஜக்கோ என்பவருக்கு 'கோமா அரசர்' என்ற பொருள்படும் குலப்பட்டம் கொடுத்தது. தூதராக வந்தவரும் இவரும் ஒருவரே என்பது வழிவழியாக வரும் கருத்து.

716இல் அரசவை ஒரு முடிவெடுத்தது. சுருகா, காய், சகாமி என்று ஏழு மாகாணங்களில் சிதறிக் கிடந்த கோகுர்யோ மக்களில் 1799 பேரை ஒன்றாகக் கூட்டி முசாஷி மாகாணத்தில் குடியேற்றி, கோமா என்று புதிதாக ஒரு வட்டத்தையே உண்டாக்கினார்கள். டோக்கியோவுக்கு வடமேற்கே, இன்றைய சைதாமாவில் இருக்கிறது அந்த இடம். ஷோகு நிஹோங்கி என்ற அரசு வரலாற்று நூலில் இந்த 1799 என்ற எண் பதிவாகியிருக்கிறது. நானும் பதிவு எழுதுகிறவள் என்பதால் சொல்கிறேன், ஏறக்குறைய 1800 என்று எழுதாமல் 1799 என்று எழுதியிருப்பதில் எனக்கு ஒரு மரியாதை உண்டு. யாரோ ஒருவர் உட்கார்ந்து ஆள் ஆளாக எண்ணியிருக்கிறார்.

ஜக்கோவை அங்கே தெய்வமாக வைத்துக் கும்பிடுகிறார்கள். கோமா கோயிலின் பூசாரி குடும்பம் அவர் வழி வந்ததாகச் சொல்கிறது. அறுபது தலைமுறை கணக்கு வைத்திருக்கிறார்கள், குடும்பப் பேரும் இன்றுவரை கோமாதான். 1896இல் அரசாங்கம் அந்த வட்டத்தைப் பக்கத்து வட்டத்தோடு சேர்த்துவிட்டது. ஆனாலும் 2016இல், வட்டம் உண்டாகி 1300 வருஷம் ஆனதை விழா எடுத்துக் கொண்டாடினார்கள்.

இதே மண்ணில் பிறந்த இன்னொருவர் கதை வேறு மாதிரிப் போனது. என் மனசில் அதிகம் தங்கியவரும் அவர்தான். பேர் ஃபுகுஷின். பியோங்யாங் கோட்டையைத் தாங் படை பிடித்தபோது அவருடைய தாத்தா ஜப்பானுக்கு ஓடிவந்து முசாஷியில் தங்கினார். ஃபுகுஷின் சின்ன வயசில் பெரியப்பாவோடு தலைநகர் நாராவுக்குப் போனார். சாயங்காலம் ஆனால் இளவட்டங்களோடு சேர்ந்து இசோனோகாமி தெருச் சந்திக்குப் போய் மல்லுக்கட்டுவாராம். உடம்பின் வலுவை எங்கே எப்படிப் பயன்படுத்துவது என்று தெரிந்தவர், எதிராளியைச் சாய்த்துவிடுவார். பேச்சு அரண்மனை வரை போய், அங்கே ஊழியத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அங்கிருந்து படிப்படியாக ஏறி, கடைசியில் மூன்றாம் படிநிலைப் பதவி. முசாஷிக்கே ஆளுநராக மூன்று முறை இருந்தார். 789இல் 81 வயதில் இறந்தபோது அரசு வரலாறு அவருக்குத் தனிக் குறிப்பு எழுதியது. நான் மேலே சொன்ன மல்லுக்கட்டு எல்லாம் அந்தக் குறிப்பில் இருப்பதுதான்.

ஆரம்பத்தில் அவர் குலப்பேர் ஷோனா. 750இல் கோமா நோ அசோமி என்ற பேர் கிடைத்தது. அசோமி என்பது உயர்ந்த பட்டம். யாருக்கும் பெருமைதான். ஆனால் 779இல், எழுபது வயதில், அவர் அரசவைக்கு ஒரு மனு போட்டார். மனுவின் சாரம் இது: இந்த நாட்டின் நிழலுக்கு வந்து வெகுகாலம் ஆகிவிட்டது, புதிய பட்டம் என் தகுதிக்கு மேற்பட்டது, ஆனால் கோமா என்ற பழைய பேர் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை, அதை எடுத்துவிட்டுத் தகாகுரா என்று மாற்றித் தாருங்கள். மாற்றிக் கொடுத்தார்கள்.

இந்த மனுவை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆளுநர், அரசவை அதிகாரி, ஊரே கும்பிடுகிற பெரிய மனுஷர். பிறந்தது ஜப்பானில். அப்படியும் எழுபது வயதில் அவரை ஒரு பேர் உறுத்திக்கொண்டிருந்திருக்கிறது. அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு மனசு வராது. என் கூடப் படித்த பிள்ளைகளில் எத்தனை பேர் எர்ணாகுளத்தில் வேலைக்குப் போய், தோட்டத்துப் பேரைச் சொல்லாமல் 'மூணாறு' என்று மட்டும் சொல்லிக்கொண்டார்கள். ஒரு பக்கம் அறுபது தலைமுறையாகக் கோமா என்றே எழுதுகிற குடும்பம், இன்னொரு பக்கம் அதை எடுத்துவிடச் சொல்லி மனு போட்ட மனுஷர். இரண்டும் ஒரே வட்டத்திலிருந்து வந்தவை. எது சரி என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை அந்தக் குடும்பங்களுக்கு வெளியே யாருக்கும் கிடையாது என்று நினைக்கிறேன்.

அப்புறம் அந்தப் பெரிய பதிவேடு. 815இல் முடிந்தது, பேர் ஷின்சென் ஷோஜிரோக்கு. தலைநகரிலும் அதைச் சுற்றிய ஐந்து மாகாணங்களிலும் இருந்த 1182 குலங்களை அது வகை பிரித்தது. சக்ரவர்த்திகளின் வழி வந்தவை 335. தெய்வங்களின் வழி வந்தவை 404. வெளிநாட்டிலிருந்து வந்தவை 326. எதிலும் சேர்க்க முடியாமல் நின்றவை 117. அந்த 326ஐயும் மறுபடி பிரித்திருக்கிறார்கள். சீனம் 163, கொரியத் தீபகற்பத்து அரசுகளில் பெக்சே 104, கோகுர்யோ 41, சில்லா 9, காயா பகுதி 9. அதாவது தலைநகர் வட்டாரத்துப் பேர் பெற்ற குலங்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வெளியிலிருந்து வந்தவை என்று அரசே எழுதி வைத்திருக்கிறது.

இதில் பல குலங்கள் வந்து முன்னூறு, நானூறு வருஷம் ஆகியிருந்தன. ஜப்பானிய மொழிதான் பேசினார்கள், ஜப்பானியத் தெய்வங்களைத்தான் கும்பிட்டார்கள். ஆனாலும் மூன்றாவது கட்டத்தில்தான் இடம். அங்கே யாருடைய பேர் இருக்கிறது என்று பாருங்கள். சக்ரவர்த்தி கன்முவின் அம்மா தகானோ நோ நீகாசா. அவருடைய பிறந்த வீடு பெக்சே அரசர் முர்யோங்கின் வழி வந்ததென்று அரசு வரலாறு சொல்கிறது. பதிவேட்டை எழுதச் சொன்ன சக்ரவர்த்தி சாகா, கன்முவின் மகன். தொகுப்புக்குத் தலைமை தாங்கிய இளவரசர் மன்தாவும் கன்முவின் மகன். சொந்தப் பாட்டியின் பிறந்த வீட்டை இந்தப் பேரன்கள் வெளிநாட்டுக் கட்டத்தில்தான் எழுதினார்கள். முர்யோங் அரசரின் கல்லறை 1971இல் கொரியாவின் கோங்ஜுவில் கிடைத்தது. அதிலிருந்த சவப்பெட்டியின் மரம் ஜப்பானில் வளர்கிற கோயாமாகி மரம். 2001 டிசம்பரில் சக்ரவர்த்தி அகிஹிதோ இந்த நீகாசா உறவைச் சொல்லி, கொரியாவோடு தனக்கொரு தொடர்பை உணர்வதாகப் பேசியபோது கொரியாவில் அது பெரிய செய்தி.

இந்தப் பதிவேடு ஏன் தேவைப்பட்டது? முன்னுரையிலேயே காரணம் இருக்கிறது. 757இல் அரசவை ஒரு ஆணை போட்டது: கோகுர்யோ, பெக்சே, சில்லாவிலிருந்து வந்தவர்கள் விரும்பினால் ஜப்பானியக் குலப்பேர் கேட்கலாம். கூட்டம் கூட்டமாகக் கேட்டார்கள். கொஞ்ச காலத்தில் யார் பழைய ஆள், யார் வந்த ஆள் என்று பேரை வைத்துச் சொல்ல முடியாமல் போனது. கொரியாவிலிருந்து வந்தவர்கள் தங்களை ஜப்பானியத் தெய்வங்களின் வாரிசு என்று சொல்லிக்கொள்கிறார்கள் என்று முன்னுரை குறைப்படுகிறது. 799இல் எல்லாக் குலங்களும் தங்கள் வம்சாவளியை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. 809இல் இன்னொரு உத்தரவு. கொரிய அரசர்களும் சீன அரசர்களும்கூட ஒரு ஜப்பானிய ஆதிதெய்வத்தின் வழியில் வந்தவர்கள்தான் என்று காட்டும் ஒரு வம்சாவளி நூல் ஊரில் உலவிக்கொண்டிருந்தது. அதை வைத்திருப்பவர்கள் ஒப்படைக்க வேண்டும், மறைத்தால் தண்டனை. எல்லாரும் ஒரு வேரிலிருந்து வந்தவர்கள் என்று யாரோ ஒருவர் எழுதிப் பார்த்த முயற்சியை அரசாங்கம் பறிமுதல் செய்திருக்கிறது.

இதற்கெல்லாம் ரொம்ப முன்னாலேயே வம்சத்தைச் சோதிக்க இன்னொரு வழி இருந்ததாம். இன்க்யோ என்ற சக்ரவர்த்தி காலத்தில், குலப்பேரைப் பொய்யாகச் சொல்கிறவர்கள் பெருகிவிட்டார்கள் என்று, அசுகாவிலுள்ள அமகாஷி குன்றில் கொப்பரையில் தண்ணீர் கொதிக்க வைத்து ஒவ்வொருவரையும் அதில் கையை விடச் சொன்னார்களாம். உண்மை சொன்னவர் கை வேகவில்லை, பொய் சொன்னவர்கள் பயந்து பின்வாங்கினார்கள் என்று 720இல் எழுதி முடித்த நிஹோன் ஷோகி என்ற வரலாற்று நூல் சொல்கிறது. சுசீந்திரத்தில் கொதிக்கிற நெய்யில் கைமுக்கு நடந்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதுசில்லை. கை வெந்தவர்களில் உண்மை சொன்னவர்கள் எத்தனை பேர் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

ஹதா குலத்தைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. வந்த குலங்களிலேயே பெருங்கூட்டம் அவர்கள்தான். சக்ரவர்த்தி ஓஜின் காலத்தில் யுஸுகி நோ கிமி என்ற தலைவர் பெக்சே வழியாக வந்து, "என் நாட்டு 120 ஊர்வட்டத்து மக்களோடு புறப்பட்டேன், சில்லாக்காரர்கள் வழிமறித்துவிட்டதால் எல்லாரும் காயாவில் நிற்கிறார்கள்" என்று சொன்னதாகப் பழைய நூல் சொல்கிறது. பிற்பாடு அவர்கள் தங்களைச் சீனத்தின் முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் வழித்தோன்றல்கள் என்று எழுதிக்கொண்டார்கள். ஆய்வாளர்கள் அதை அப்படியே ஏற்பதில்லை, கொரியத் தீபகற்பத்திலிருந்து அலை அலையாக வந்து சேர்ந்த மக்கள் என்றே பொதுவாகக் கருதுகிறார்கள்.

பேரரசர் கதையை விட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொரு செய்தி. யூர்யாக்கு சக்ரவர்த்தி காலத்தில் ஹதா மக்கள் ஒரே இடத்தில் இல்லை. பல பிரபுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் பேரைப் பிடித்து வைத்துக்கொண்டு தங்கள் இஷ்டத்துக்கு வேலை வாங்கினார்கள். தலைவர் சாகே நோ கிமிக்கு இது பெரிய வேதனை. சக்ரவர்த்தி அவர் மேல் பிரியம் வைத்து, சிதறிய மக்களைத் திரட்டி அவர் கையில் ஒப்படைத்தார். பதிலுக்கு அவர்கள் நெய்து கொடுத்த பட்டு அரசவையில் குவியல் குவியலாக நின்றது. உஸுமாசா என்ற பட்டம் அதற்காகக் கொடுத்ததுதான். கியோத்தோவில் அவர்கள் வாழ்ந்த பகுதிக்கு இன்றும் அதுதான் பேர்.

இதைப் படித்தபோது எங்கள் ஆட்கள் மலையேறின காலம் ஞாபகம் வந்தது. போடியிலிருந்து கொட்டகுடி வழியாக டாப் ஸ்டேஷனுக்கு நடந்தே ஏறினார்கள். முன்பணம் கொடுத்த கங்காணி யாரோ அவர் பின்னால் போக வேண்டும். ஒரே ஊர்க்காரர்கள், அண்ணன் தம்பிகள்கூட, ஆளுக்கொரு கங்காணியிடம் மாட்டி வேறு வேறு தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு. என் ஆச்சியின் தங்கை பக்கத்து மலையில் இருந்தும், ஆச்சி அவரைக் கல்யாணத்துக்குப் பிறகு பார்த்தது ஒரு சாவு வீட்டில்தான். சிதறிய சனத்தைத் திரட்டித் தர எங்களுக்குச் சாகே நோ கிமி இல்லை.

ஹதா மக்கள் செய்த வேலைகள் இன்றும் கண்ணால் பார்க்கக் கிடைக்கின்றன. கியோத்தோவில் கட்சுரா ஆற்றில் அணை கட்டி வயலுக்குத் தண்ணீர் திருப்பினார்கள். 540இல் அவர்கள் 7053 குடும்பங்கள் என்று கணக்கு இருக்கிறது. 603இல் ஹதா நோ கவாகாட்சு என்பவர் இளவரசர் ஷோதோக்குவிடமிருந்து புத்தர் சிலை வாங்கிக் கோயில் எடுத்தார். கோர்யூஜி என்று அது இன்றும் இருக்கிறது. 701இல் மட்சுனோ கோயில். 711இல் ஃபுஷிமி இனாரி. ஜப்பானுக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஆயிரமாயிரம் சிவப்புத் தோரணவாயிலுக்கு நடுவே நின்று படம் எடுத்துப் போடுகிறார்களே, அதே கோயில். நாட்டின் நெல் தெய்வத்துக்குப் பேர்போன கோயிலை நிறுவிய குலம், 815இல் வெளிநாட்டுக் கட்டத்தில் நிற்கிறது. 794இல் கன்மு தலைநகரைக் கியோத்தோவுக்கு மாற்றியபோது, அந்த வட்டாரத்தைக் காடு திருத்தி, நீர் பாய்ச்சி, குடியிருக்கும்படி ஆக்கி வைத்திருந்தவர்களில் முதலிடம் இவர்களுக்குத்தான்.

எங்கள் மலையைப் பார்க்க வருகிறவர்கள் பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி இருக்கிறது என்கிறார்கள். 1877இல் பூஞ்சாறு அரசரிடமிருந்து மன்றோ துரை இந்த மலைகளை எழுதி வாங்கினார் என்று டூரிஸ்ட் பலகையில் எழுதுவார்கள். செடி நட்டவர்கள் பேர் எந்தப் பலகையிலும் இல்லை.

இந்தக் குலங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் ஒரு எழுத்தர். பேர் ஓ ஜின்னி, பெக்சே வழி வந்தவர். 553இல் கப்பல் வரிக் கணக்கு எழுதும் வேலையை அவரிடம் கொடுத்தார்கள். 572இல் கோகுர்யோவிலிருந்து ஒரு அரசாங்கக் கடிதம் வந்தது. காக்கை இறகின் மேல் மையால் எழுதியிருந்தார்கள். கறுப்பு மேல் கறுப்பு, அரசவை எழுத்தர்கள் மூன்று நாள் பார்த்தும் ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. ஜின்னி அந்த இறகைச் சோறு வேகிற ஆவியில் காட்டினார். ஈரம் ஏறியதும் மெல்லிய பட்டுத் துணியை அதன் மேல் வைத்து அழுத்தி எடுத்தார். எழுத்து முழுக்கத் துணியில் இறங்கிவிட்டது. அரசவையே அதிசயித்தது என்று நூல் சொல்கிறது. மங்கிப்போன ஆதார் கார்டையும், கிழிந்த ரேஷன் கார்டையும், கரையான் அரித்த பள்ளி டி.சி.யையும் ஸ்கேனரில் வெளிச்சம் மாற்றி மாற்றி வைத்து எழுத்து தேடுகிறவள் நான். அந்தச் சோற்று ஆவியின் சூடு என் விரலிலும் பட்டது.

அவர் உறவு வழியில் வந்த மமிச்சி என்பவர் 790இல் மனு போட்டுத் தன் குலத்துக்குச் சுகானோ என்று புதுப்பேர் வாங்கினார். மனுவில் தங்கள் மூதாதை பெக்சே அரசர் என்று எழுதினார். இந்தச் செய்தி ஷோகு நிஹோங்கியில் இருக்கிறது. 797இல் அந்த நூலை முடித்துக் கொடுத்த தொகுப்பாளர்களில் ஒருவர் யார் தெரியுமா? இதே மமிச்சிதான். தன் குலத்தின் மனுவைத் தானே வரலாற்றில் சேர்த்துவிட்டார். அதில் தப்பு காண எனக்கு விருப்பமில்லை. ஒவ்வொரு குலமும் எங்கிருந்து வந்தது என்று எழுதிக் கொடு என்று அரசாங்கம் கேட்டால், கீழே வைக்கப்பட்டவர்கள் அரசனைத்தான் மூதாதையாக எழுதுவார்கள். எழுத்தர் ஒருவர் ஆவியில் இறகு காட்டினார் என்றால் எந்தக் கட்டத்திலும் மதிப்பெண் கிடையாது. எங்கள் பிள்ளைகள் இப்போது கல்யாணப் பத்திரிகையில் பாண்டியர் வம்சம் என்று போடுகிறார்கள். பெரியவர்களில் சிலர் சிரிக்கிறார்கள். நான் சிரிக்க மாட்டேன். ஆனால் பத்திரிகையில் அதற்குக் கீழே, கொட்டகுடி ஏறி வந்த பூட்டியின் பேரையும் போடச் சொல்கிறேன். சிலர் போட்டிருக்கிறார்கள்.

எங்கள் பெண்களுக்கு வம்சாவளி வாயில் இருக்கிறது. மேல் டிவிஷனில் ஒரு பாட்டி இருக்கிறார். கொழுந்து பையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தால், எந்த லயத்தில் எந்த வீட்டில் யார் இருந்தார்கள், எந்தக் கங்காணியின் ஆள், கயத்தாறா, கோவில்பட்டியா, சங்கரன்கோவிலா, எந்த வெள்ளத்துக்கு முன் பிறந்த பிள்ளை, யாருக்கு யார் தாய்மாமன் என்று வரிசையாகச் சொல்வார். தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம் என்று அவர் சொல்வது 1924. அந்த வெள்ளத்தில்தான் மூணாறின் சின்ன ரயில் பாதையே போனது. எத்தனை காகிதம் போயிருக்கும். தேதி தெரியாவிட்டாலும் அவர் கணக்கு பிசகாது. ஆனால் விண்ணப்பத்தில் அதை ஏற்ற ஒரு கட்டம் இல்லை. 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. அன்றைக்கு எங்கள் ஆட்கள் லயத்தை விட்டு ஒரு அடிகூட நகரவில்லை. அதற்குப் பிறகும் அவர்களிடம் எந்த வருஷம் வந்தீங்க என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

கோமா கோயிலின் வம்சாவளியில் ஒரு செய்தி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன். 1259இல் அங்கே ஒரு பெரிய தீவிபத்து. வம்சாவளிச் சுவடியும், கோகுர்யோவிலிருந்து கொண்டுவந்த பொருள்களில் பலவும் எரிந்துவிட்டன. அப்புறம் அவர்கள் செய்தது என்னவென்றால், கோமா வழிவந்த கிளைக் குடும்பங்கள் எல்லாம் கூடினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் இருந்த பழைய குறிப்புகளைக் கொண்டுவரச் சொல்லி, ஒப்பிட்டுப் பார்த்து, புதிதாக எழுதினார்கள். இன்றைக்கு அறுபது தலைமுறை என்று சொல்ல முடிவது அன்றைக்கு அவர்கள் கூடி உட்கார்ந்ததால்தான்.

இதை நாமும் செய்யலாம், பாட்டிகள் உயிரோடு இருக்கும்போதே. எங்கள் டிவிஷன் மாரியம்மன் கோயில் மண்டபத்தில், சம்பளம் போட்ட பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேராக உட்கார ஆரம்பித்திருக்கிறோம். பாட்டி சொல்வதை போனில் பதிவு பண்ணி, லயம் வாரியாக, வீடு வாரியாக நோட்டில் எழுதுகிறோம். செக்ரோல் பக்கம், யூனியன் சந்தா ரசீது, ஆஸ்பத்திரிச் சீட்டு, பள்ளி அட்மிஷன் நகல், ஞானஸ்நானப் பதிவு எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். ஸ்கேன் பண்ணி அன்றைக்கே திருப்பித் தந்துவிடுவேன். காசு வேண்டாம்.

இதைப் படிக்கிறவர்கள் கோவில்பட்டி, கயத்தாறு, சங்கரன்கோவில், போடி பக்கம் இருந்தால் உங்களிடம் ஒரு தனி வேண்டுகோள். மலைக்குப் போன சொந்தக்காரர்கள் அந்தக் காலத்தில் ஊருக்கு மணியார்டர் அனுப்பியிருப்பார்கள், கடுதாசி போட்டிருப்பார்கள். பரணில், டிரங்குப் பெட்டியில், பழைய பஞ்சாங்கத்துக்கு நடுவில் அந்தக் கூப்பன் ஒன்று கிடக்கலாம். மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, வண்டிப்பெரியாறு என்று எந்தத் தபாலாபீஸ் முத்திரை இருந்தாலும், 1950க்கு முந்தைய தேதி என்றால் இங்கே ஒரு பேத்தியின் காலேஜ் சீட்டுக்கு அது உதவலாம். முத்திரையும் அனுப்பியவர் பேரும் தெளிவாகத் தெரிகிற மாதிரி இரண்டு பக்கமும் படமெடுத்து அனுப்புங்கள். எழுத்து மங்கியிருந்தாலும் பரவாயில்லை, அனுப்புங்கள், எழுத்தை எடுக்க நான் பார்த்துக்கொள்கிறேன்.